அணைத்து வைத்த போன்

என் இடது அக்குளால் ஒரு ஹெலிகாப்டரை வரவழைத்தவன் நான்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். விசில் அடித்துக் கூப்பிடவில்லை, துண்டை ஆட்டிக் கூப்பிடவில்லை. அக்குள்தான். வலது அக்குளும் ஒத்தாசைக்கு இருந்தது, இல்லையென்று சொன்னால் அது கோபித்துக்கொள்ளும்; ஆனால் முக்கால்வாசி வேலை இடதுடையது. இதை நான் சொல்லாத இடமில்லை. முடிவெட்டும் கடையில் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டரிடம், அவர் கை என் வாய்க்குள் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். தப்பான நம்பர் என்று தெரியாமல் எனக்குப் போன் போட்ட ஓர் அம்மாளிடம் முழுக்கதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான், நீங்கள் யார் என்று கேட்டேன்.

கேட்டவர்கள் பாதி நம்பி, பாதி நம்பாமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒருத்தர் மட்டும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலை" என்பார். அவர் என் தங்கையின் கணவர். அந்த ஹெலிகாப்டரில் ஏறி உயிர் பிழைத்தவள் என் தங்கை. இப்போது புரிகிறதா என் வயிற்றெரிச்சல்?

மாப்பிள்ளை ஒரு காலத்தில் தணிக்கை அதிகாரி. வேலையை விட்டு வந்தாலும் வேலை அவரை விட்டுப் போகவில்லை. மழை பெய்தால்கூட எதற்குப் பெய்தது என்று மேகத்திடம் ரசீது கேட்கிற ஆள். குடும்பத்தில் அவருக்கு 'ரசீது' என்றே பெயர். அவர் இல்லாத நேரத்தில் மட்டும். தங்கைக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள், ஆனாலும் எனக்கு அவள் பாப்பாதான். ஊருக்கும் பாப்பாதான். நான் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கைப்பிடியை நான் இழுத்தால் பாதி நகரம் இருட்டில் தடவும். மறுபடி தள்ளினால் எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்றும். அப்படி இருந்தவன், மலையில் போய் ஒரு பிளக் பாயிண்ட்டுக்காகப் பிச்சைக்காரன் மாதிரி நின்றேன் பாருங்கள், அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

பாப்பாவுக்குப் பறவைகளைப் படம் எடுக்கிற பைத்தியம். பனிக்கோட்டுக்கு மேலே மட்டும் இருக்கிற ஒரு குருவி, கட்டைவிரல் தண்டிதான் இருக்கும், அதை எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பல நாள் நடை. கூடாரம். குளிர். என் வீட்டம்மாவையும் கூப்பிட்டோம். மலை அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும், நான் நான் இருக்கிற இடத்தில் இருக்கிறேன், ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆக நாங்கள் மூன்று பேர், ஒரு வழிகாட்டி, ஒரு சமையல்காரர்.

கிளம்பும்போதே மாப்பிள்ளை சார்ஜைப் பற்றித்தான் பேசினார். மலையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, மலை தன்னால் நிற்கும். போன் நிற்குமா? பாப்பாவின் கேமரா, அதற்கு மாற்று பேட்டரிகள், மூன்று போன், காலடி எண்ணுகிற அவருடைய கைக்கடிகாரம், தலையில் மாட்டுகிற டார்ச், செங்கல் செங்கலாக நாலு பவர் பேங்க். நான் என் பங்குக்கு ஒரு சோலார் தகடு வாங்கி முதுகில் கட்டிக்கொண்டேன். வெயிலில் நடந்தால் போதும், முதுகிலேயே மின்நிலையம். அதை மாட்டிக்கொண்டு நான் நடந்ததைப் பார்த்து, ஆமைக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்த மாதிரி இருக்கு என்றாள் பாப்பா. ஆமைக்காவது வெயில் கிடைத்திருக்கும். நான் அதைக் கட்டிய நாளிலிருந்து சூரியன் நீண்ட விடுப்பில் போய்விட்டது. ஏறினோம், ஏறினோம், மூடுபனிதான். பாலுக்குள் விழுந்த ஈ மாதிரி நடந்தோம். தகடு கொடுத்த மின்சாரத்தில் ஒரு எறும்புக்கு டார்ச் எரியாது.

கரண்ட் இருந்த கடைசி இடம் ஒரு மரவிடுதி. மாடிப்படிக்கு அடியில், துடைப்பமும் கிழிந்த மிதியடிகளும் போட்டிருந்த மூலையில், ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஒரு மல்டி பிளக், அதில் இன்னொன்று, அதில் இன்னொன்று. வாழைத்தார் மாதிரி தொங்கியது. என் சர்வீஸில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் அந்தக் கட்டடத்துக்கே சீல் வைத்திருப்பேன். அன்றைக்கு அதைத் தொட்டுக் கும்பிட்டேன். சுற்றிலும் இருபது பேர் உட்கார்ந்து அவரவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்கள் மாதிரி. மாப்பிள்ளை பவர் பேங்கை மாட்டிவிட்டு சூப் குடிக்கப் போனார். திரும்பி வந்தால், ஒரு தாடிக்காரன் அதைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டுத் தன்னுடையதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தியானம் செய்துகொண்டிருக்கிறான்.

மாப்பிள்ளை சண்டை போடவில்லை. மறுபடி மாட்டி, எல்லாம் நிறைகிற வரை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். ஆனால் அன்றைக்கு அவருக்குள் ஒன்று முறிந்தது. காலையில் சமையல்காரரிடமிருந்து ஒரு காலி பிஸ்கட் டின்னை வாங்கினார். தன் பையிலிருந்து ஒரு குட்டிப் பூட்டை எடுத்தார். மலையேறப் போகிறவன் எதற்குப் பூட்டுக் கொண்டுவருகிறான் என்று நீங்கள் கேட்கலாம். அவரைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். இனிமேல் போன், பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் இந்த டின்னுக்குள் இருக்கும், வேண்டியதைக் கேட்டு வாங்கி, திருப்பிக் கொடுக்க வேண்டும், சாவி அவர் கழுத்தில். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று வழிகாட்டியின் போனைக்கூட வாங்கிப் போட்டார். அந்த மனுஷன் எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறவர், தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். என் போனை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். பழைய போன், பாதி சார்ஜை நான் விடுதியிலேயே சீட்டு விளையாடித் தீர்த்திருந்தேன். "இது கணக்கில் தள்ளுபடி மச்சான். நீங்களே வெச்சுக்கங்க."

அதற்கப்புறம் வழிகாட்டி எங்களிடம் ஒரு விஷயம் சொன்னார். இங்கே இருந்து மேலே கரண்டும் கிடையாது, சிக்னலும் கிடையாது. கணவாயைத் தாண்டினால் ஒரு கிண்ணம் மாதிரி பள்ளம் வரும், அங்கேதான் கூடாரம். அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பாறை இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் அதன்மேல்தான் ஏறி நிற்பார்கள். போன் பாறை என்றே அதற்குப் பெயர். சிக்னல் அங்கே மட்டும்தான். "அதனால ராத்திரியில எல்லாரும் போனை நல்லா அணைச்சு வெச்சுக்கங்க."

இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மாப்பிள்ளை கேட்டது: ஆஃப் செய். ஆஃப் செய்து டின்னில் போட்டுப் பூட்டு. நான் கேட்டது வேறு. ஆயுள் முழுக்க சுவிட்சோடு வாழ்ந்தவன் நான். எங்கள் வேலையில் 'ஆஃப்' உண்டு, 'கட்' உண்டு, 'டிரிப்' உண்டு, அணைப்பது என்று ஒன்று கிடையாது. எனக்கு அணைப்பதென்றால் அணைப்பதுதான், குழந்தையை அணைக்கிற மாதிரி. இந்த மலைக்காரர்களுக்கு என்ன பாசம் என்று உருகிப்போய், அன்றைக்கு ராத்திரி போனை பனியனுக்குள் விட்டுக்கொண்டு படுத்தேன். பாப்பா பார்த்துவிட்டாள். "அண்ணே, அது அழுதா பாலும் குடுப்பியா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வழிகாட்டி சொன்னது அதுவல்ல என்று பொறுமையாக விளக்கினார். வழிகாட்டியும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். ஆனால் அதற்குள் எனக்கு அது பழகிவிட்டது. விடவில்லை.

கணவாயை ஏறும்போதே பாப்பாவின் நடை மாறியது. தலைவலியா என்று கேட்டால் இல்லை என்பாள். சாப்பாட்டை வைத்தால் பிறகு என்பாள். குருவியைப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் மறைத்திருக்கிறாள், எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. கணவாயைத் தாண்டிக் கிண்ணத்துக்குள் இறங்கினோம். அன்றைக்கு விழுந்த குளிர் இருக்கிறதே, கொட்டாவி விட்டால் வாயிலேயே உறைந்து, அதை உடைத்துத்தான் வாயை மூட வேண்டும்.

விடிந்தது. பாப்பா எழுந்திருக்கவில்லை.

எழுப்பினேன். கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்து மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னாள், அவரைப் பார்த்து அண்ணே என்றாள். இருமல். ஒவ்வொரு மூச்சும், அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கிற பாத்திரம் மாதிரி, களகளவென்று உள்ளே ஏதோ குமிழ் விட்டது. உதடு கத்தரிப்பூ நிறம். வழிகாட்டி உள்ளே வந்து மண்டியிட்டு, காதை அவள் முதுகில் வைத்துக் கேட்டார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே கீழே இறக்க வேண்டும் என்றார். எப்படி இறக்குவது? கிண்ணத்திலிருந்து கீழே போக, முதலில் மேலே ஏறியாக வேண்டும். வந்த வழியில் போனால் கணவாய். இன்னும் உயரம், அவள் தாங்க மாட்டாள். முன்னால் போகிற பாதை மண் சரிந்து கிடப்பதைச் சமையல்காரர் விடியும்போதே பார்த்துவிட்டு வந்திருந்தார். இருக்கிற வழி ஹெலிகாப்டர் ஒன்றுதான். வழிகாட்டி தன் பையிலிருந்து முழங்கை நீளம் உள்ள ஒரு ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்து, அதன் முகமூடியை அவள் மூக்கில் மாட்டினார். என்னை வெளியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "இது மதியம் வரைக்கும் வரும் ஐயா. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

போன் பாறைக்கு ஓட வேண்டும், அவ்வளவுதானே? மாப்பிள்ளை கழுத்திலிருந்து சாவியை இழுத்தார். அவசரத்தில் சாவியைத் தலைகீழாகச் செருகினார், நான் பிடித்துத் திறந்தேன். ராத்திரி முழுக்கக் கூடார ஓரத்தில் கிடந்த டின்னைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. உள்ளே எல்லாம் வரிசையாக, துணி சுற்றி, அழகாக. அவருடைய போனை எடுத்து பட்டனை அழுத்தினார். ஒன்றுமில்லை. அழுத்திப் பிடித்தார். கறுப்பு. வழிகாட்டியின் போன், கறுப்பு. பாப்பாவின் போன், கறுப்பு. பவர் பேங்கில் ஒயரைச் செருகினோம். அதில் ஒரு பொட்டு விளக்குக்கூட வரவில்லை. நாலு செங்கலும் நிஜமான செங்கலாகக் கிடந்தன.

"நான் ஃபுல்லா ஏத்தித்தானே வெச்சேன்" என்றார் மாப்பிள்ளை. யாரிடமும் இல்லை, டின்னிடம். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சொல்லச் சொல்ல, பின்னால் பாப்பாவின் மூச்சு களகளத்துக்கொண்டே இருந்தது.

பனியனுக்குள்ளிருந்து என் தள்ளுபடிப் போனை எடுத்தேன். உயிரோடு இருந்தது. நாலு சதவீதம். ராத்திரி முழுக்க இல்லாத சிக்னலைத் தேடித் தேடி இளைத்துப் போயிருந்தது. வழிகாட்டி கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து, எண்ணைப் பார்த்ததும் போய்விட்டது. பாறை ஏறுவதற்குள் அது செத்துவிடும் என்றார். அவர் சொல்லி வாயை மூடவில்லை, என் கையிலேயே அது செத்தது. திரை சுருண்டு கறுப்பானது. இருந்த ஒன்றும் போச்சு.

என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில், அதை மறுபடி பனியனுக்குள் போட்டேன். கூடாரத்துக்கு வெளியே நின்று மலையைத் திட்டினேன். சமையல்காரர், கணவாய் தாண்டி விடுதிக்கே ஓடிப்போய் ஆளைக் கூட்டிவருகிறேன் என்றார்; போய்ச் சேரவே சாயங்காலம் ஆகிவிடும். மாப்பிள்ளை பாப்பாவின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நேரம் பார்ப்பதற்காக நான் போனை எடுத்து, செத்ததை மறந்து பட்டனை அழுத்தினேன். கம்பெனி ராகத்தைப் பாடிக்கொண்டு அது எழுந்தது. நாலு சதவீதம்.

பெரிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களோடு வாழ்ந்தவனுக்கு அந்த நிமிஷம் வரைக்கும் இது தெரியவில்லை, பாருங்கள். போன்கள் காலியாகவில்லை. விறைத்துப் போயிருக்கின்றன. சார்ஜ் உள்ளேயே இருக்கிறது, குளிரில் வெளியே வர மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் போனைப் பிடுங்கி, சட்டையை அவிழ்த்து, இடது அக்குளில் வைத்து இறுக்கினேன். வழிகாட்டியினுடையதை வலது அக்குளில். ஐயா, அந்தக் குளிர் இருக்கிறதே! பனிக்கட்டியை அல்ல, மலையையே அக்குளில் இடுக்கியது மாதிரி. நான் போட்ட சத்தத்தில் எதிர்ப்பக்கம் ஒரு பனிச்சரிவு ஏற்பட்டது என்று சொல்வேன். ஏற்படவில்லை, ஆனால் யோசித்தது. கூடாரத்துக்குள் இருந்து பாப்பாவின் குரல், முகமூடிக்குள்ளிருந்து, "அண்ணனுக்கு என்னாச்சு?" என்று கேட்டது. அந்த நிலையிலும்.

மாப்பிள்ளை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். செத்தது செத்ததுதான் மச்சான், நேரத்தை வீணாக்காதீர்கள், அவளைத் தூக்கிக்கொண்டு கணவாய்க்கே போய்விடுவோம் என்றார். வழிகாட்டி அது கொலை என்றார். நான் சிறகை ஒடுக்கிய கோழி மாதிரி உட்கார்ந்திருந்தேன். சிலிண்டரின் முள் ஆடி ஆடிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கலாமென்றால் கண் அங்கேயே போகிறது. எனக்குப் பயந்தால் பேச்சு அதிகமாகும். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

இடது அக்குளில் இருந்ததை எடுத்து, மாப்பிள்ளையின் முகத்துக்கு எதிரே வைத்து அழுத்தினேன். கறுப்பு. எண்ணினேன். கறுப்பு. பிறகு, திரைக்குள் எங்கோ ஆழத்தில், ஒரு வெள்ளைப் பொட்டு. பொட்டு விரிந்து எழுத்தானது. அறுபத்தெட்டு சதவீதம்.

மாப்பிள்ளை அதைப் பார்த்தார். நான் உடனே அதை அக்குளுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, மேல்கோட்டை மேலே மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

போன் பாறைக்கு வழிகாட்டி முன்னால், நான் பின்னால். அவர் மட்டும் போயிருக்கலாமே என்பீர்கள். இரண்டு போனையும் அவர் அக்குளுக்கு மாற்றுகிற நேரத்தில் அவை மறுபடி விறைத்துவிட்டால் என்ற பயம் எனக்கு. என் வீட்டில் விளைந்த சூட்டை நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றேன். இரண்டு கையும் உடம்போடு ஒட்டியிருக்க, பாறையைப் பிடிக்கக் கையில்லாமல், முழங்காலும் முகவாய்க்கட்டையுமாக ஏறினேன். வழுக்கினால் வழிகாட்டி என் காலரைப் பிடித்துத் தூக்குவார். மூச்சு காதில் அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் பாப்பாவின் களகளப்பு எனக்குள்ளேயே கேட்டது. கீழே பார்த்தால் பனியில் கூடாரம் தெரியவில்லை. கூடாரம் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

பாறை உச்சியில் நின்று, மேல்கோட்டைத் தலைவழியாக இழுத்துப் போர்த்தி, அதற்குள் போனை எடுத்தேன். ஒற்றைக் கோடு சிக்னல். வந்தது, போனது, வந்தது. வழிகாட்டி சொல்லச் சொல்ல எண்களை அழுத்தினேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மீட்புக்குழு அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். வழிகாட்டி என் தோளோடு தோளாகக் கோட்டுக்குள் தலையை நுழைத்துப் பேசினார். கிண்ணத்தில் இருக்கிறோம், நுரையீரலில் நீர், ஆக்சிஜன் மதியம் வரை என்றார். அவள், எந்தப் பக்கத்துக் கிண்ணம் என்று கேட்டாள். கணவாய்க்கு... என்று அவர் ஆரம்பித்தார்.

போன் செத்தது.

அதை இடதுக்குள் தள்ளினேன், வலதிலிருந்து இரண்டாவதை எடுத்தேன். எழுந்தது. எண்ணை அழுத்தினோம். லைன் பிசி. மறுபடி. பிசி. மறுபடி. பிசி. அந்தப் பெண், அறுந்துபோன எங்கள் முதல் போனுக்குத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று உறைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாங்கள் அவளைக் கூப்பிட, அவள் செத்ததைக் கூப்பிட. வழிகாட்டியின் கையைப் பிடித்து, கூப்பிடாதே, கொஞ்சம் சும்மா இரு, அவள் அலுத்துப்போகட்டும் என்றேன். அவள் அலுப்பதற்காக நான் காத்திருந்தேனே, அது போல எதற்கும் நான் காத்திருந்ததில்லை. பிறகு அழுத்தினோம். எடுத்தாள். எந்தப் பக்கம், எத்தனை பேர், எங்கே இறங்க இடம், எல்லாவற்றையும் வழிகாட்டி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மூடுபனி விலகினால்தான் வர முடியும், உறுதி சொல்ல முடியாது என்றாள். அப்புறம் அந்தப் போனும் போய்விட்டது.

இறங்கி வந்து சொன்னேன். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டில் இருந்தது. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வானமே இல்லை, பாதி நனைந்த வெள்ளைத் துணிதான் இருந்தது. நான் ஆயுளில் முதல் தடவையாகச் சூரியனிடம் மரியாதையாகப் பேசினேன். சிலிண்டர் சீறுவதை நிறுத்தியது. வழிகாட்டி முகமூடியைக் கழற்றாமலே விட்டார், கழற்றினால் அவள் பயப்படுவாள் என்று. மாப்பிள்ளை அவளைத் தன் மார்பில் சாய்த்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அவள் மூச்சு விடும்போதெல்லாம் தானும் விட்டார், சொல்லிக் கொடுக்கிற மாதிரி.

அப்புறம் மிக்ஸி சத்தம். தூரத்தில் யாரோ மலையை மிக்ஸியில் போட்டு அரைக்கிறார்கள். துணி கிழிந்து ஒரு நீலம் தெரிந்தது, அதற்குள்ளிருந்து சிவப்பாக அது இறங்கியது. அந்தக் காற்றில் கூடாரம் ஒரு பக்கம் போனது, என் சட்டை பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டது, இன்றுவரை திரும்பவில்லை. பாப்பாவையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டார்கள். வரவழைத்தவனுக்கு இடமில்லை. நான் பிஸ்கட் டின்னைச் சுமந்துகொண்டு நடந்தேதான் வந்தேன்.

பாப்பா பிழைத்தாள். கீழே ஆஸ்பத்திரியில் சில நாள், பிறகு வீடு. குருவியை எடுக்கவில்லை என்று இன்னும் திட்டுகிறாள், என்னை. நான் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை முதல் தடவையாகச் சொன்னார், அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலை என்று. போன் சாகவே இல்லையாம். பதற்றத்தில் பட்டனைச் சரியாக அழுத்தவில்லையாம். நான் கையில் வாங்கி நிதானமாக அழுத்தியதும் வந்துவிட்டதாம், அக்குளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். நான் விடுவேனா? விருந்தாளிகள் எதிரே, சொந்தக்காரர்கள் எதிரே, படிக்கட்டில், லிஃப்டில், எங்கே பார்த்தாலும் சண்டை. அவர் குரலை உயர்த்தவே மாட்டார். பட்டன் மச்சான், பட்டன்தான் என்பார்.

ஒருநாள் பாப்பாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் சரியாகத் தூங்குவதில்லையாம். தூக்கத்தில் அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் படுக்கிறாராம். "போன் செத்துச்சுன்னு ஒத்துக்கிட்டா, எதனால செத்துச்சுன்னும் ஒத்துக்கணும் அண்ணே. அவரை விடு." நான் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஜுரமே வந்துவிட்டது.

போன வாரம் மாப்பிள்ளை, கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடைக்குப் போகிறேன் என்றார். பட்டனை மாற்ற வேண்டும், பேட்டரியையும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றார். நானும் பாப்பாவும் கூடவே போனோம். ஆள் நுழைந்தால் ஆள் வெளியே வர வேண்டிய அளவுக் கடை. கண்ணாடி மேஜையில் ஒரு காந்த விரிப்பு, அதில் கடுகு மாதிரி திருகாணிகள். சுவரெல்லாம் முதுகு கழன்ற போன்கள். ரிப்பேர்க்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, போனின் ஓரத்தைச் சூடு பண்ணி, உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் மூடியை ஒட்டி இழுத்து, நத்தையை ஓட்டிலிருந்து எடுக்கிற மாதிரித் திறந்தார். மாப்பிள்ளை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் முன்னால் பாப்பாவை உட்கார வைத்துவிட்டு இதே மாதிரித்தான் நின்றார்.

ரிப்பேர்க்காரர் பட்டனைத் தனியாக எடுத்து மீட்டரில் வைத்தார். பேட்டரியை ஒரு கருவியில் மாட்டினார், அதில் எண்கள் ஓடி நின்றன. எல்லாம் நன்றாக இருக்கிறது, எதையும் மாற்ற வேண்டாம் என்றார்.

ஒருநாள் இது ஆன் ஆகவே இல்லை, அப்போது பட்டன் கோளாறாக இருந்திருக்கலாமே என்று கேட்டார் மாப்பிள்ளை. வாய்ப்பே இல்லை, இந்தப் பட்டன் இன்னும் பத்து வருஷம் வரும் என்றார் அவர். மாப்பிள்ளை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். அவரும் பார்த்தார். அதேதான். ஃப்ரீசருக்குள் ஏதாவது வைத்துவிட்டீர்களா சார் என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டு மூடியை ஒட்ட ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை மேஜையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்தை நிரப்பாமல் இருக்க நான் எவ்வளவோ பாடுபட்டேன், நாக்கைக் கடித்தேன், கூரையைப் பார்த்தேன். முடியவில்லை. ஆரம்பித்துவிட்டேன். அக்குள், பாறை, முகவாய்க்கட்டை, பனிச்சரிவு, பக்கத்து நாட்டுக்குப் போன சட்டை, எல்லாம். ரிப்பேர்க்காரர் சிரித்த சிரிப்பில் இரண்டு திருகாணி கீழே விழுந்து, மூன்று பேரும் குனிந்து தேட வேண்டியதாயிற்று. ஐயா நல்லா விடுறாரு என்றார். பிறகு, பார்ப்பதற்குப் பொய் சொல்லாத ஆளாக இருந்த மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். இதெல்லாம் உண்மையா?"

நான் எனக்கு வரப்போகிறதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாப்பா என்னை முறைத்தாள், உனக்கு வாயே மூடாதா என்று. மாப்பிள்ளை போனைக் கையில் வாங்கி, பட்டனை அழுத்தினார். உடனே வெளிச்சம் வந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாப்பாவைப் பார்த்தார்.

"போன் செத்துத்தான் கிடந்துச்சு தம்பி. நான்தான் எல்லாத்தையும் வாங்கி, டின்ல போட்டுப் பூட்டி, குளிர்ல வெச்சேன்" என்றார். குரல் எப்போதும் போலத் தணிந்துதான் இருந்தது. "இவ மூச்சு விட முடியாம கிடந்தா. இவர் அதை அக்குள்ல வெச்சு எழுப்பினார், நான் பக்கத்துலதான் இருந்தேன், என் கண்ணால பார்த்தேன்."

பாப்பா எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நடந்துச்சு. இவர் சொல்ற மாதிரியேதான் நடந்துச்சு."